தலைமுடியில் இருந்த விமானக் கீல்கள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. படிக்கிறபோது நீங்களே மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். குரலில் பேசிப் போடச் சொன்னீர்கள். எனக்குப் பேச வராது என்பது சின்ன வயதிலிருந்து உங்களுக்குத் தெரிந்ததுதானே. தாளில் எழுதி, மகளிடம் படம் எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் மாமாவின் விமானம் பற்றிப் பேச்சு வந்தது. “அது எங்க பறந்துச்சு? நூலைக் கட்டி இழுத்தாக. பட்டம்தான் அது” என்று ஒருவர் எழுதினார். நாலு பேர் சிரிக்கிற முகம் போட்டீர்கள். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு வயலுக்கு வரவில்லை. நான் அங்கே இருந்தேன். அந்த விமானத்தின் வாலுக்குக் கீல் வைத்தவன் நான். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் நின்று போயிருந்தது. வாத்தியார் கேட்கிற கேள்விக்கு விடை தெரியும். எழுந்து நின்றால் வாய் திறக்காது. “புள்ளைக்கு மண்டையில ஏறல” என்று அவர் சொல்ல, வாப்பாவும் நம்பிவிட்டார். வீட்டுத் தறியில் வாப்பா நெய்வார், நான் ஊடு நூலுக்குத் தார் சுற்றித் தருவேன். மேலப்பாளையம் முழுக்க அப்போது தறிச் சத்தம்தான். சத்தத்துக்குள் இருந்ததால் நான் பேசாதது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை. பெட்டி ஏற்றி இறக்குகிற வேலைதான். ஆனால் ‘ஏர்போர்ட்டில் வேலை’ என்று அவர் எழுதிய ஒரு வரியை வைத்து, தெருவே அவரை விமானம் ஓட்டுகிறவர் ஆக்கிவிட்டது. அவரும் இல்லை என்று சொல்லவில்லை. பிசான நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த நாட்களில் அவர் விடுப்பில் வந்தார். வந்தவர் டேப் ரிக்கார்டர் கொண்டுவரவில்லை, மிக்ஸி கொண்டுவரவில்லை. ஆள் நீளத்துக்கு ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே விமானம், துண்டு துண்டாக.

எஞ்சின் கிடையாது. காற்றில் மிதக்கிற வகை. பஞ்சு மாதிரி கனமில்லாத மரம். சிவப்புத் தாள் ஒட்டிய இறக்கையைத் தட்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம் வரும். கையில் பிடிக்கிற ரிமோட்டில் நீண்ட கம்பி ஒன்று இழுக்க இழுக்க வரும். வெள்ளிக்கிழமைதோறும் பாலைவனத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இதை விடுவாராம். மாமா கூடப் போய்ப் பெட்டியைச் சுமந்துகொண்டு நிற்பாராம். “ஒரு சத்தம் இருக்காதுலே. பருந்து மாதிரி நிக்கும். நம்ம ஊர்க்காரங்க ஒரு தடவ பாக்கணும்னுதான் வாங்குனேன்” என்றார்.

வந்த அன்றே ஒரு கோளாறு நடந்தது. பயணப் பெட்டி திறக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். கூடத்தில் பாய் விரித்து, சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து, ஒருவரும் வெறுங்கையோடு போகக் கூடாது. பகிர்ந்து கொடுப்பது எப்போதும் பெரியம்மாதான். உம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். தாய் போன பிறகு மாமாவை எடுத்து வளர்த்தவர். அவர் கொடுத்தால் கொடுத்ததுதான். அன்று வெள்ளிக்கிழமை. மாமா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.

இரண்டு சின்னப் பொட்டலங்கள் வந்தன. ஒன்றில் கறுப்பாக, வளைந்த இரும்புத் துண்டுகள். இன்னொன்றில் பளபளப்பான கவருக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இரண்டு தகடு, நடுவில் மெல்லிய கம்பி, புத்தகம் மாதிரி மூடித் திறக்கும். பெரியம்மா இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தார்.

“கருப்பா இரும்பா இருக்கது மிசின் சாமான். அத அவன் பெட்டிக்குள்ள போடு. வெள்ளையா மினுங்குது பாரு, இது புள்ளையளுக்குத் தலைக்குக் குத்துதது.”

பெண் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு தலையிலும் பெரியம்மாவே குத்திவிட்டார்.

மாமா திரும்பி வந்து அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். “ஏலே, ஒரு சின்ன கவரு பாத்தியா? வெள்ளையா இருக்கும். கீலு. வாலுக்கு வைக்கது.” லாத்தாவின் தலையை விரலால் காட்டினேன். மாமா என் அக்காவின் தலையைப் பார்த்தார். அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

விமானத்தின் வாலில் இரண்டு பலகை உண்டு. ஒன்று படுத்திருக்கும், ஒன்று நிமிர்ந்திருக்கும். ஒவ்வொன்றின் பின்விளிம்பிலும் தனியாக ஒரு பட்டை அசைய வேண்டும். படுத்த பட்டை மேலும் கீழும் அசைந்தால் விமானம் ஏறும், இறங்கும். நிமிர்ந்த பட்டை இடமும் வலமும் அசைந்தால் திரும்பும். பலகையையும் பட்டையையும் சேர்த்துப் பிடிப்பது அந்தக் கீல்தான். அது இல்லையென்றால் எத்தனை ரிமோட் இருந்தும் விமானம் வெறும் கட்டை.

“திருப்பிக் கேட்டா என்ன மாமா?” என்றார் லாத்தா.

“குடுத்தத எப்படிளா கேக்க? அதுவும் பெரியவுக கையால குடுத்தது. பயணத்துல இருந்து வந்தவன் புள்ளைய தலையில இருந்து புடுங்குனான்னு பேராயிரும். பெரியவுக மொகம் என்னத்துக்கு ஆகும்?”

பழைய ரெக்சின் பையை வெட்டி, பட்டை பட்டையாகப் பசை வைத்து ஒட்டினார். வெளிநாட்டுப் பசை, நீலக் குழாய், மூக்கைக் குத்துகிற வாடை. நிறைய வைத்தால் நிறையப் பிடிக்கும் என்று அவர் எண்ணம். மறுநாள் பார்த்தால் ரெக்சின் மரமாகிவிட்டது. வால் பாதிதான் அசைந்தது. ஆனாலும் பொறுக்க முடியாமல் மொட்டைமாடியில் ஏறி விட்டார். விமானம் பறக்கவே இல்லை. மூக்கைக் குத்திக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டு முற்றத்தில், பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்ணின் இலை முறத்தில் போய் விழுந்தது.

“என்ன வே, மாடியில இருந்து கட்டை எறியுதீரு? இதுக்கா அரபு நாட்டுக்குப் போனீரு?”

தெருவே சிரித்தது. மூக்கில் மட்டும் சின்ன உடைசல், ஒட்டிவிட்டார். வாப்பா தறியில் இருந்தபடியே கேட்டார்.

“மாப்ளே, நல்ல காஞ்ச கட்டையா இருக்கே. வெந்நி அடுப்புக்குக் குடுத்துருவமா?”

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அடுத்த ஞாயித்துக்கெழம எனக்குப் பயணம் மச்சான். அதுக்குள்ள பறக்கலேன்னா நீங்களே அடுப்புல வைங்க.”

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க” என்றார் வாப்பா.

அன்று மாலை மாமா என்னிடம் மட்டும் சொன்னார், நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற தைரியத்தில். “இந்த ஊருல நான் எத முழுசா முடிச்சேன் சொல்லு. படிப்பும் பாதி. தறியும் பாதி. அங்கன போயும் பெட்டிதான் தூக்குதேன். இது ஒண்ணு, நான் சொன்னது நடந்ததுன்னு இருக்கட்டும்லே.”

வேறு கீல் கிடைக்குமா என்று அட்டைப் பெட்டியில் தேடும்போது அந்தக் கறுப்புப் பொட்டலம் என் கையில் வந்தது. ஒன்றை எடுத்து விரலில் மாட்டினேன். நறுக்கென்று பிடித்தது. அப்போதுதான் விளங்கியது. அது தலைக்குக் குத்துகிற கிளிப். மருமகள்களுக்கென்று மாமா வாங்கி வந்தது. பெரியம்மா இரண்டையும் மாற்றிவிட்டார்.

திருப்பிக் கேட்கத்தானே கூடாது? கொடுக்கலாம் அல்லவா? நான் ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்தேன். ‘மாமா இதையும் குடுத்துவிட்டாக.’ அதைச் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

லாத்தாவிடம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, தானே கழற்றித் தந்துவிட்டார். சாச்சி, உம்மாவின் தங்கை. அவர் வீட்டில் இரண்டு பெண்கள். வாசலில் நின்று, கிளிப்பை நீட்டி, தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். சாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏலே, தார் சுத்துத வேலைய விட்டுட்டு வளையல் யாவாரத்துல எறங்கிட்டியா?”

பெண்கள் கறுப்பு கிளிப்பைக் குத்திப் பார்த்தார்கள். ஆடினாலும் விழவில்லை. “இந்த வெள்ளச் சனியன் நிக்கவே மாட்டேங்கு, நீயே கொண்டு போ” என்று ஒருத்தி கழற்றி என் கையில் வைத்தாள். மற்றவளும் தந்தாள். தேங்காய் எண்ணெயில் ஊறி, பிசுபிசுவென்று இருந்தன. இப்படி இன்னொரு வீட்டிலும் ஒன்று கிடைத்தது.

அடுத்து பெரியம்மா வீடு. பேத்தியை மடியில் வைத்து ஈர் வாரிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

“என்னலே, வாயில்லாப் பூச்சி இங்கன வந்து நிக்கி?”

“மாமா இதையும் குடுத்துவிட்டாக.”

வாங்கிப் பார்த்தார். கறுப்பு, வளைந்த இரும்பு. மிசின் சாமான் என்று அவரே பெட்டிக்குள் போடச் சொன்னது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேத்தியின் தலையில் இருந்த வெள்ளையைப் பைய எடுத்து, சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, என் சட்டைப் பையில் போட்டார். கறுப்பைக் குத்திவிட்டார்.

“நல்லாத்தான் பிடிக்கி. போ. நான் தந்தேன்னு ஒங்க மாமங்கிட்ட சொல்லிக்கிடாத. அவன் சங்கடப்படுவான்.”

அன்று அது எனக்கு விளங்கவில்லை. பெரியவர் முகம் வாடும் என்று தம்பி வாயை மூடிக்கொண்டிருந்தார். தம்பி சங்கடப்படுவான் என்று அக்கா வாயை மூடிக்கொண்டார். இருவருமே இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார்கள். இல்லையென்றால் இப்போதும் எழுதியிருக்கமாட்டேன்.

மீதி இரண்டும் வாப்பாவின் தம்பியான சாச்சாவின் மகளிடம் இருந்தன. என்னைவிட இரண்டு வயது சின்னவள். பெட்டி திறந்த அன்று அவள் வரவில்லை, பெரியம்மா கொடுத்தனுப்பியிருந்தார். அவள் அதைத் தலையில் வைக்கவே இல்லை. தீப்பெட்டி இரண்டை ஒட்டி வீடு கட்டி, அதற்குக் கதவாக மாட்டியிருந்தாள். என் வாக்கியத்தைச் சொன்னேன். அவள் அசையவில்லை.

“இது கிளிப்பு இல்லலே. கீலு. பாரு, கதவு திறக்குது. எனக்குக் கிளிப்பு வேண்டாம்.”

எனக்கு அடுத்த வாக்கியம் தயாராக இல்லை. நின்றேன். கடைசியில் எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது: “அது இல்லாட்டா மாமா விமானம் அடுப்புக்குப் போயிரும்.”

அவள் தீப்பெட்டிக் கதவை ஒரு தடவை திறந்து மூடினாள். “பறக்க விடுதப்போ என்னையும் கூட்டிட்டுப் போகணும். பொட்டப்புள்ள வரக்கூடாதுன்னு சொல்லக்கூடாது. சரியா?”

தலையாட்டினேன். ஏழு கீலும் வந்துவிட்டது.

மாமா உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். என் தலையைப் பிடித்து ஆட்டினார், அவ்வளவுதான்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஒட்டிய ரெக்சினை முதலில் சுரண்டி எடுத்தோம். பலகையின் விளிம்பு ஒரு தீக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதன் நட்டநடுவில் பிளேடால் பிளவு போட்டு, கீலின் ஒரு தகட்டை உள்ளே செருக வேண்டும். எதிரே பட்டையிலும் அதே நேரில் பிளவு. ஒரு கீல் கோணினால் மற்றதெல்லாம் இழுத்துக்கொள்ளும், வால் அசையாது. மாமாவின் கை பெட்டி தூக்கிய கை. முதல் பிளவே மேல் பக்கமாக வெளியே வந்துவிட்டது. “நீ போடுலே” என்று பிளேடைத் தந்தார்.

விளிம்பு நெடுக ஒரு பாவு நூலை இழுத்துக் கட்டி நடுக்கோடு பிடித்தோம். அந்த நூல் ஓரமாகவே பிளேடை வைத்து, அழுத்தாமல், முன்னும் பின்னும் ஆட்டினேன். அந்த மரம் வெண்ணெய் மாதிரி. அவசரப்பட்டால் கிழியும். சும்மா பிளேடின் கனத்துக்கே விட்டால் தானாக இறங்கும். தகடு உள்ளே போகும்போது ‘சிக்’கென்று மெல்லிய சத்தம் கேட்கும். இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. பசை பிடிக்க வேண்டுமே என்று தகடுகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தோம். ஒவ்வொன்றாகப் பசை தொட்டுச் செருகி, மேலே கனம் வைத்துவிட்டோம்.

மறுநாள் படுத்த வாலின் பட்டையை விரலால் தட்டினேன். தொங்கி ஆடியது. மாமா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நிமிர்ந்த வாலைத் தட்டினேன். அசையவில்லை. மறுபடி தட்டினேன். ரெக்சின் மாதிரியே கட்டையாக நின்றது.

மாமா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். “விட்டுரு. அடுப்புக்கே போகட்டும். எனக்கு எழுதுனது இவ்வளவுதான்.”

நான் விடவில்லை. ஒரே பசை, ஒரே கை, ஒரே நாள். ஒன்று ஆடுகிறது, ஒன்று ஆடவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆடாத வாலில் மூன்று கீல். நடுவில் இருந்தது ஆடுகிற மாதிரிதான் இருந்தது. மேலும் கீழும் இருந்தவைதான் பிடித்து வைத்திருந்தன. அந்த இரண்டின் கம்பிக்குள் பசை ஓடி இறுகியிருந்தது. அவை தீப்பெட்டி வீட்டில் இருந்து வந்தவை. மற்ற ஐந்தும் தலைமுடியில் இருந்து வந்தவை. தகட்டைக் கழுவியும் கம்பிக்கு இடையில் தேங்காய் எண்ணெய் தங்கியிருந்தது. எண்ணெய் இருந்த இடத்தில் பசை ஒட்டவில்லை.

“மாமா, எண்ண” என்றேன்.

“என்னது?”

“தலைக்கு வைக்க எண்ண. அது இருந்ததுல பசை ஏறல.”

மாமா வந்து பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். “அந்த பிலிப்பைன்ஸ்காரன் ஈர்க்குச்சியால என்னமோ தொட்டுத் தொட்டு வைப்பாம்லே. நான் அழகுக்குன்னு நெனச்சேன்.”

அந்த இரண்டையும் கத்தி முனையால் பிளந்து வெளியே எடுத்து, கம்பியிலிருந்த பசையைச் சுரண்டினேன். உம்மாவின் எண்ணெய்க் கிண்ணத்தில் ஈர்க்குச்சியைத் தொட்டு, கம்பியில் மட்டும் ஒரு சொட்டு. தகட்டில் படாமல் துணியால் துடைத்து, மறுபடி செருகினேன். மறுநாள் வாலைத் தட்டியபோது நிமிர்ந்த பட்டையும் ஆடியது. ஒவ்வொரு கீலையும் பிடித்து இழுத்துப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. ரிமோட்டில் குச்சியைத் தள்ளினால், உள்ளே இருந்த சின்ன மோட்டார் ‘ஞி’ என்று சத்தம் போட, வால் திரும்பியது. விட்டால் நேரே வந்து நின்றது. மாமா அதையே ஒரு மணி நேரம் செய்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆற்றுப் பக்கத்து வயலுக்குப் போனோம். அறுத்த நெல் தாள் காலில் குத்துகிற காய்ந்த வயல். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது, அங்கிருந்துதான் காற்று. வரப்பு முழுக்க ஆள். வாப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பாத்து விடு மாப்ளே. ஒடஞ்சா அடுப்புக்குள்ள வைக்கத் தோதா ஒடையட்டும்.” பம்ப்செட் பக்கம் பெண்கள் நின்றார்கள், பெரியம்மாவும்தான். சாச்சா மகள் மட்டும் வயலுக்குள் வந்து என் பக்கத்தில் நின்றாள். யாரோ அதட்டினார்கள். “நான் கீலு குடுத்தவ” என்றாள்.

முறுக்கிய பாவு நூல், நுனியில் சாவி வளையம். வளையத்தை விமானத்தின் வயிற்றில் உள்ள கொக்கியில் மாட்டி, நான் நூலைப் பிடித்துக் காற்றுக்கு எதிரே ஓட வேண்டும். உயரத்துக்குப் போனதும் வளையம் தானாகக் கழன்றுவிடும். மாமா ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்து, “பிஸ்மில்லா, ஓடுலே” என்றார்.

ஓடினேன். நூல் கையை இழுத்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். திடீரென்று நூல் தளர்ந்து என் முதுகில் விழுந்தது. அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் விமானம் என் தலைக்கு மேலே, நூல் இல்லாமல். பட்டம் என்று சொன்னவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். நூல் என் தோளில் கிடந்தது, விமானம் வானத்தில் இருந்தது.

பிறகு அது ஒரு பெரிய வளைவாகத் திரும்பி எங்களை நோக்கியே வந்தது. வலப்பக்கம் கரண்டுக் கம்பி. மாமா குச்சியைத் தள்ளினார். அது இன்னும் கம்பிப் பக்கமே சாய்ந்தது. எதிரே வருகிற விமானத்துக்கு இடம் வலம் மாறிவிடும். பம்ப்செட் பக்கம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்போது மாமா ஒரு காரியம் செய்தார். விமானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தார். இப்போது அவருடைய இடக்கைப் பக்கமும் விமானத்தின் இடப்பக்கமும் ஒன்று. குச்சியைப் பைய நகர்த்தினார். நான் வாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்த பட்டை, நான் செருகியது, ஒரு விரல் அளவு திரும்பியது. மூக்கு விலகியது. கம்பிக்கு இந்தப் பக்கமாகவே சிவப்பு இறக்கை சாய்ந்து வந்து, எங்களைக் கடந்து, சத்தமே இல்லாமல் ஆற்றைப் பார்த்து ஏறியது.

காய்ந்த வயலின் சூடு மேலே கிளம்புகிற நேரம் அது. ஒரு பருந்து அங்கே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. விமானம் அதன் கூடவே போய் வட்டமிட்டது. கொஞ்ச நேரம் எது எது என்று தெரியவில்லை. மாமாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது, துடைக்கக் கை இல்லை. பிறகு பைய இறக்கி, தாள் மேல் சரசரவென்று தடவவிட்டு நிறுத்தினார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஏழு கீலும் அப்படியே இருந்தன.

வாப்பா வரப்பிலிருந்து இறங்கி வந்தார். விமானத்தைக் குனிந்து பார்த்தார். வாலைத் தன் விரலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். அது ஆடி நின்றது.

“யாரு வச்சது இத?”

“ஒங்க மகன்தான் மச்சான்” என்றார் மாமா.

வாப்பா என்னைப் பார்த்தார். கைலியை மடித்துக் கட்டினார். என் தோளில் கிடந்த நூலை எடுத்து, வளையத்தைத் தன் கையாலேயே கொக்கியில் மாட்டினார்.

“மாப்ளே, தூக்கிப் பிடியும். இந்தத் தடவ நான் ஓடுதேன்.”

தறிக் குழியை விட்டு வாப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை. தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. தாள் குத்தியது, நிற்கவில்லை. வரப்பு வரை ஓடி, அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். பொழுது அடைந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை விமானம் இறங்கவில்லை.

இதை எழுதி முடித்தது 2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை.